ஆத்தே எடுக்கச் சொன்ன படம்

பழவேற்காட்டை விட்டு நடந்துகொண்டிருந்தேன். பேருந்தில் ஏறியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்துப் பேருந்தில் எங்கள் குப்பத்துக் கல்யாணத்துக்கு வந்து திரும்புகிறவர்கள் தாம்பூலப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முந்தின நாள் சாயங்காலம் நான் போட்டுக் காட்டிய படத்தை அவர்கள் எல்லோரும் பார்த்தவர்கள். அதனால் நடந்தேன். தோளில் காமிராப் பை. தங்கை கல்யாணத்துக்கென்று அண்ணன் எடுத்துக் கொடுத்த சட்டையையே போட்டிருந்தேன்; மற்றது கொடியில் ஈரமாகக் கிடந்தது, காயும்வரை நிற்க மனமில்லை. என் தங்கை வாழப் போன வீட்டில் இனி ஒரு வலை கிழிந்தாலும், படகு பழுதானாலும், குழந்தை பிறக்க ஒரு வருஷம் தள்ளிப் போனாலும், அதற்கெல்லாம் சொல்ல ஒரு காரணம் தயாராகிவிட்டது. அந்தக் காரணத்தைப் படம் பிடித்து, இசை சேர்த்து, பெரிய திரையில் காட்டியவன் நான்.

நடக்கும்போது அம்மாவை நினைக்க முடியவில்லை. ஆத்தேயைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

ஆத்தே என்றால் பிலிப்பைன்ஸ்காரர்கள் பேச்சில் அக்கா. அவள் என்னைவிட ஐந்து வயது சின்னவள். இருந்தாலும் அந்த ஊரில் அவளை எல்லோரும் ஆத்தே என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். அவள் என்னைக் குயா என்பாள், அண்ணன் என்று அர்த்தம். ஆக, ஒருவருக்கொருவர் மூத்தவர்களாக மூன்று வருஷம் வேலை செய்தோம். அவள் பேசியது பாதி இங்கிலீஷ், கால்வாசி அரபி, மிச்சம் கை ஜாடை. ஆனால் நினைத்துப் பார்க்கும்போது அவள் எங்கள் குப்பத்துப் பேச்சில்தான் பேசுகிறாள். மனசு அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

எனக்கு எட்டாவதோடு படிப்பு நின்றது. நைனா படகோடு முகத்துவாரத்தில் கவிழ்ந்து போன வருஷம் அது. ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் கையால் இறால் தடவினேன். காட்டுப்பள்ளியில் துறைமுகம் வந்தபோது குத்தகைக்காரரிடம் மூட்டை தூக்கினேன். பொன்னேரியில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாணங்களுக்கு லைட் பிடித்தேன். எங்கேயும் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. யாரும் துரத்தவில்லை, எனக்குத்தான் கால் நிற்காது. கடைசியாக ஒரு ஏஜெண்டைப் பிடித்து வளைகுடாவுக்குப் போய் ஒரு ஓட்டலில் கல்யாண ஹால் பெருக்கும் வேலையில் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை தோறும் அங்கே பிலிப்பைன்ஸ் ஜோடிகளின் விருந்து நடக்கும். மாப்பிள்ளை ஏதாவது கடையில் வேலை செய்பவனாக இருப்பான், பெண் நர்ஸாகவோ வீட்டு வேலைக்காரியாகவோ இருப்பாள். இரண்டு பேருக்கும் ஒரே நாள் லீவு கிடைப்பதே பெரிய காரியம். காலையில் சர்ச்சில் பூசை, பிற்பகல் ஹாலில் சாப்பாடு, ஆட்டம், பாட்டு. அந்தக் கல்யாணங்களை வீடியோ எடுத்தவள் ஆத்தே. வாரத்தில் ஆறு நாள் அவளுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் இடத்தில் வேலை. ஏழாவது நாள் காமிரா.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய இரண்டாவது காமிராக்காரன் காய்ச்சலில் படுத்துவிட்டான். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "குயா, இதைப் பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் முந்நூறு கல்யாணம் பார்த்திருக்கிறேன் என்றேன். லைட் பிடித்துப் பார்த்தது என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் சர்ச்சுக்கும் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கேதான் நான் செய்த முதல் கூத்து. அவர்கள் கல்யாணத்தில் ஒரு கட்டத்தில் ஜோடி முட்டி போட்டிருக்க, இரண்டு பேர் வந்து வெள்ளைக் கயிறு ஒன்றை எட்டு மாதிரி முறுக்கி, ஒரு வளையத்தை மாப்பிள்ளை தோளிலும் மறு வளையத்தைப் பெண் தோளிலும் போடுவார்கள். எனக்கு எப்படி இருக்கும்? கழுத்தில் கயிறு ஏறுகிறது. இதுதான் அந்த நேரம் என்று நினைத்தேன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், ஒரு காலை ஊன்றி, கயிற்றை விட்டுக் கண்ணை எடுக்காமல் எடுத்தேன். மேளம் எப்போது வேகம் பிடிக்கும் என்று காத்திருந்தேன். பிடிக்கவேயில்லை. எல்லோரும் சாதாரணமாக இருமிக்கொண்டும் விசிறிக்கொண்டும் இருந்தார்கள். அதற்கு முன்னால் ஜோடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாக்குக் கொடுத்ததை நான் எடுக்கவில்லை. ஏதோ பேசிக்கொள்கிறார்கள் என்று பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன்.

காலையில் எடுத்ததை அன்றைக்கே வெட்டி ஒட்டி, சாயங்காலத்துக்குள் விருந்தில் திரையிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். சாப்பாடு முடியும் நேரத்தில் விளக்கை அணைத்துப் படம் போடுவார்கள். ஐந்து நிமிஷம் ஓடும். காலையில் நடந்ததைச் சாயங்காலமே பார்த்து அழுவார்கள். ஹாலுக்குப் பின்னால் தட்டு கழுவும் இடத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, நான் எடுத்ததை ஆத்தே ஓட்டிப் பார்த்தாள். ஓட்டினாள், ஓட்டினாள், கயிறு முடியவில்லை.

"இன்னா குயா இது? கல்யாணம் எடுக்கச் சொன்னா கயிறு வியாபாரத்துக்கு விளம்பரம் எடுத்துக்கினு வந்திருக்க?"

அன்றைக்கு அவள் தன் காமிராவில் இருந்ததை வைத்தே சமாளித்தாள். அப்புறம் மூன்று மாதம் எந்தக் கல்யாணத்தில் அந்தக் கயிறு வெளியே வந்தாலும் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. ஜோடியை எடுப்பதற்கு முன் வராதவர்களை எடுப்பாள். எந்தக் கல்யாணத்திலும் முன் வரிசையில் இரண்டு நாற்காலி காலியாக இருக்கும். பெற்றவர்களால் கடல் தாண்டி வர முடியாது. அந்த நாற்காலிகளில் ஒரு செல்போனோ டேப்லட்டோ சாய்த்து வைத்திருப்பார்கள். அதில் ஒரு கிராமத்து வீட்டின் முன்னறை தெரியும்; புது உடுப்புப் போட்டுக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பாள். சிக்னல் போனால் அவள் வாய் திறந்தபடியே உறைந்து நிற்பாள். ஆத்தே அந்தத் திரையைத்தான் முதலில் எடுப்பாள். சாயங்காலப் படத்தில் அந்த முகம் வரும்போது ஹால் முழுக்கக் கை தட்டும், பெண் எழுந்து ஓடிப் போய்த் திரையைத் தொடுவாள். நூற்றுக்கு மேல் கல்யாணம் எடுத்திருப்போம். ஒரு தடவைகூட அது பொய்க்கவில்லை. இருக்கிறவர்களை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள் குயா, இல்லாதவர்களை எடுப்பதற்குத்தான் நமக்குக் காசு கொடுக்கிறார்கள் என்பாள்.

வேலை முடிந்ததும் ஓட்டலுக்குப் பின்புறம் சரக்கு இறக்கும் மேடையில் காலைத் தொங்கப் போட்டு உட்காருவோம். விருந்தில் மிஞ்சிய நூடுல்ஸை டப்பாவில் போட்டுக் கொடுப்பார்கள். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். எங்கள் இரண்டு பேரையும் யாரும் வந்து ஆடக் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை. அவளுக்கு ஊரில் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் கேட்டேன், உன் கல்யாணத்தை யார் எடுத்தது என்று. "யாரும் எடுக்கல. அதான் அது நடந்துச்சான்னே இப்ப சந்தேகமா கீது" என்று சிரித்தாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அந்த மேடையில்தான் எங்கள் ஊர்க் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். தாலி ஏறும்போது கெட்டிமேளம், கெட்ட சத்தம் எதுவும் காதில் விழாமலிருக்க. சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் அட்சதை போடுவார்கள், மஞ்சள் தடவின அரிசி.

"அம்மா எங்க நிப்பாங்க?"

"மணையிலதான். அப்பா கூட."

"அப்பா இல்லன்னா?"

"உள்ள இருப்பாங்க."

"உள்ளன்னா எங்க?"

முந்நூறு கல்யாணம் பார்த்தவன் என்று சொல்லியிருந்தேனே. விதவையான அம்மா தாலி ஏறும் நேரத்தில் எங்கே நிற்பாள் என்று நான் பார்த்ததில்லை. "அங்கதான், எங்கியாச்சும்" என்றேன். ஆத்தே டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள். "உன் தங்கச்சி கல்யாணத்துல அதைப் போய் எடு குயா. வேற எதையும் எடுக்காதே, அதை எடு" என்றாள்.

அடுத்த வருஷம் அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது. வேறு நாட்டுக்குப் போகிறேன் என்றாள், எந்த நாடு என்று ஏஜெண்டுக்குத்தான் தெரியும் என்றாள். பழைய காமிராவை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அவளுடைய எண் இரண்டு மாதம் வேலை செய்தது, பிறகு இல்லை. அவள் இல்லாத வெள்ளிக்கிழமைகளில் நான் மறுபடி நாற்காலி அடுக்கினேன். தங்கைக்குத் தேதி குறித்துவிட்டார்கள் என்று அண்ணன் போன் பண்ணியபோது எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மாப்பிள்ளை ஏரிக்கு அந்தக் கரையில் ஒரு குப்பத்துக்காரன். கல்யாணம் எங்கள் வீட்டு முன்னால், பந்தல் போட்டு. அண்ணன் பொன்னேரியிலிருந்து வீடியோக்காரர் ஒருவரை மணைக்கு ஏற்பாடு செய்திருந்தான். நான் இரண்டாவது காமிரா. "எங்க வீட்டு ஃபாரின் வீடியோகாரரு, கண்ட்ரோல்லாம் இவர் கைல" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவனுக்கு என்மேல் அவ்வளவு பெருமை இருந்தது அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும். தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கச் சித்தப்பாவும் சித்தியும் உட்கார்ந்தார்கள். அம்மா விடிந்ததிலிருந்து எல்லா வேலையும் செய்தாள். முகூர்த்த நேரம் நெருங்கியதும், யாரும் சொல்லாமலே, சமையல் நடக்கும் பக்கம் போய்விட்டாள்.

எனக்கு இப்போது அவள் எங்கே நிற்பாள் என்று தெரிய வேண்டியிருந்தது. தேடிப் போனேன். சமையலுக்கும் பந்தலுக்கும் நடுவே தென்னங்கீற்றுத் தட்டி கட்டியிருந்தார்கள். இரண்டு தட்டிகளுக்கு நடுவில் ஒரு முழம் அகலத்துக்கு இடைவெளி. அதற்குப் பின்னால், சோற்று அண்டாவின் பக்கத்தில், அம்மா நின்றிருந்தாள். வலது கை மூடியிருந்தது. நான் பந்தல் பக்கத்தில், அவளுக்கும் மணைக்கும் நடுவே, அந்த இடைவெளிக்கு நேரே மூன்றடி தள்ளி நின்று காமிராவைத் தூக்கினேன். அம்மா என்னைப் பார்த்தாள். கெட்டிமேளம் தொடங்கியதும் அவள் உதடு அசைந்தது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. மூடிய கையைத் திறந்து, அதில் இருந்த அட்சதையை அந்த இடைவெளி வழியாக மணைப் பக்கம் வீசினாள். அது காமிராவை நோக்கி மஞ்சளாகப் பறந்து வந்து என் மார்பில் பட்டு உதிர்ந்தது. அவ்வளவுதான், அப்புறம் திரும்பி அண்டாவை மூடப் போய்விட்டாள். இப்படி ஒன்றை ஆத்தேகூட எடுத்ததில்லை என்று நினைத்தேன்.

மதியம் முழுக்கப் பள்ளிக்கூட அறையில் உட்கார்ந்து படத்தை வெட்டினேன். ஐந்து நிமிஷம். கடைசியில் அம்மா. அவள் கை திறப்பதைப் பாதி வேகத்தில் போட்டேன். அரிசி நம் எல்லோர் மேலும் விழுகிற மாதிரி இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை அழைத்துக்கொண்டு படகு ஏறுவதற்கு முன், வெயில் இறங்கிய நேரம், வாடகைத் திரையில் போட்டேன். நைனாவின் பழைய போட்டோ வந்தபோது விசில் அடித்தார்கள். தங்கையின் சிநேகிதிகள் அவள் வெட்கப்படுவதைப் பார்த்துக் கத்தினார்கள். பிறகு அம்மா வந்தாள்.

யாரும் கை தட்டவில்லை.

மாப்பிள்ளையின் அத்தை நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "இன்னா அநியாயம் இது? தாலி ஏர்ற நேரத்துல தாலி அறுத்தவ கையால அட்சதையா? எங்க பையன் தலைலயா?" என்று கேட்டார். யாரோ, அது பெத்தவதானே என்று மெதுவாகச் சொன்னார்கள். "பெத்தவளா இருந்தா இன்னா? அவளுக்கே தெரிஞ்சிதான மறைவுல நின்னா? நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" அண்ணன் திரையின் ஒயரைப் பிடுங்கினான். தங்கை மாலையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன்; காமிரா கையில் இல்லை. சித்தப்பா அவர்கள் காலில் விழாத குறையாகப் பேசி, எல்லோரையும் படகில் ஏற்றினார். அந்தக் கரை போய்ச் சேரும்வரை அத்தை தங்கை பக்கம் திரும்பாமலே உட்கார்ந்து வந்தார் என்று படகுக்காரர் பிறகு சொன்னார்.

"இன்னாடா பண்ணி வச்சிருக்க? மூணு வருசம் போய் இதத்தான் கத்துக்கினு வந்தியா?" என்றான் அண்ணன். அவன் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்தேன். கார்டில் இருந்ததை, லேப்டாப்பில் இருந்ததை. அழித்தால் பார்த்தவர்கள் கண்ணிலிருந்து போய்விடாது என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அம்மா கரையில் நின்று படகு மறையும்வரை பார்த்துவிட்டு வந்தாள். பாத்திரங்களை அடுக்கினாள். அதற்குப் பிறகுதான் ஒரே ஒரு தடவை பேசினாள். திட்டவில்லை.

"நீதான நிக்கிறன்னு போட்டேன்டா. ஒருத்தருக்கும் தெரியாம போட்டேன். அத ஏன்டா தெரிய வச்ச?"

மறுநாள் காலையில் பந்தல் பிரிக்கக் கூட நின்றேன். அண்ணன் என்னோடு பேசவில்லை, அண்ணி சோறு போட்டாள். மதியம் பையை எடுத்தேன்.

வழி நெடுக மனசுக்குள் ஆத்தேயோடு சண்டை போட்டேன். நீ சொன்னதைத்தான் செய்தேன் என்றேன். உன் ஊரில் கை தட்டுவார்கள், என் ஊரில் நாற்காலியைத் தள்ளுவார்கள், இது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்றேன். அவள் எங்கேயோ ஒரு நாட்டில் துணி துவைத்துக்கொண்டிருப்பாள். நடந்ததை ஒருத்தியிடம் சொல்ல முடியும் என்றால் அது அவள்தான். அவளுக்கு எண் இல்லை. கால் வலித்தபோது திருப்பாலைவனம் வந்திருந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் மறுநாள் கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் வெளிச் சுவரோரமாகப் படுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் சமையல்காரர் எழுப்பினார். இரண்டு ஆள் வரவில்லையாம்.

"இன்னா வேலை தெரியும்?"

"வீடியோ எடுப்பேன்."

"சாம்பாரையா வீடியோ எடுக்கப் போற? வெங்காயம் உரிப்பியா, சொல்லு."

உரிப்பேன் என்றேன். பையை அரிசி மூட்டைகளுக்கு நடுவே சொருகிவிட்டு உட்கார்ந்தேன். காய் நறுக்க ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். கெட்டிமேளம் கேட்டதும் அவர்களில் வெறும் நெற்றியோடு இருந்த ஒரு அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சமையல் கட்டின் கதவோரமாகப் போய் நின்றார். அந்தக் கல்யாணப் பெண் அவருக்கு உறவு இல்லை. சும்மா பார்க்கப் போனார். நானும் கத்தியை வைத்துவிட்டு அவருக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கிருந்து மணை தெரியவில்லை. பெண்ணும் தெரியவில்லை, மாப்பிள்ளையும் தெரியவில்லை. கதவுக்கு நேரே காமிராவோடு நின்றிருந்த ஒருத்தனின் முதுகுதான் தெரிந்தது.

"யப்பா வீடியோ, தள்ளி நில்லு. உன் முதுகப் பாக்கவா எந்திரிச்சி வந்தேன்?" என்றார் அந்த அம்மா.

அவன் திரும்பிப் பார்த்து, சிரித்துக்கொண்டே இரண்டடி நகர்ந்தான். அந்த அம்மா எட்டித் தாலி ஏறுவதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

என் அம்மா என்னை நகரச் சொல்லவில்லை.

முதல் பந்திக்கு இலை போட ஆள் கூப்பிட்டார்கள். இலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.